தெய்வானை எடுத்த முழுக் காப்பு

ஆலப்பாக்கத்தில் புயலோடு போன வீடு ஒன்று மறு வெள்ளிக்கிழமையே திரும்பி வந்துவிட்டதாம் என்ற சேதி கேட்டதும், கடலூர் முதுநகர் பண்டகசாலைத் தெருவில் பாதிப் பேர் கைவேலையைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். தெய்வானை அரைத்த மாவைக்கூட வழிக்கவில்லை. கிரைண்டரை நிறுத்தி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி, ஜன்னலோரத்தில் இடம் பிடித்துவிட்டாள்.

வீடு நிஜமாகவே வந்திருந்தது. சுவர், ஜன்னல், ஜன்னலில் ஒட்டியிருந்த கிழிந்த ஸ்டிக்கர், அடுப்படியின் எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம். சுற்றிலும் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்க, நடுவில் அது மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது. வீட்டுக்காரர் வாசலில் நின்று, கல்யாணத்துக்கு வந்தவர்களை வரவேற்பதுபோல் எல்லாரையும் உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாயெல்லாம் பல்.

கூடத்தில் நின்று விளக்கம் சொன்னவன் முபாரக். நிலைபேறு காப்பீட்டுக் கழகத்தின் ஏஜெண்ட். பண்டகசாலைத் தெருவுக்கு அடுத்த தெருக்காரன்தான் என்பதால் தெய்வானைக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இதுக்குப் பேரு மீள்மணல்," என்று ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். சாம்பல் நிறத்தில், ரவை மாதிரி இருந்தது. "ஒவ்வொரு துகளுக்கும் தன்னோட இடம் தெரியும். வீடு நல்லா இருக்கும்போதே எங்க 'வீடுநோக்கி'ங்கற மெஷின் வந்து ஒரு தடவை சுத்திப் பாத்து நிலைப்படம் எடுத்துக்கும். நாளைக்கே வீடு போச்சுன்னு வைங்க, லாரில மணலைக் கொட்டி அந்தப் படத்தைக் காட்டுனாப் போதும். மணலே சுவராகும், கதவாகும், கட்டிலாகும், கரண்டியாகும்."

நம்பாதவர்களுக்காக ஒரு பீங்கான் தட்டை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தான். தட்டு நாலாபக்கமும் சிதறியது. எல்லாரும் "அடடா" என்று பின்வாங்குவதற்குள் துண்டுகள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் தட்டு சுவரில் ஏறி, அலமாரியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ கைதட்டினார்கள். கூட வந்திருந்த விசாலாட்சி அக்கா தன் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தரை மெல்ல நெளிந்து அந்தக் குடையை வாசற்படி வரை தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டது. கூடமே சிரித்தது.

"படத்துல இல்லாத பொருள் அதுக்குக் குப்பை," என்றான் முபாரக். "உயிரை மட்டும் தொடாது. கையில பிடிச்சிருக்கறதையும் தொடாது. அடுப்படி அலமாரியில ஒரு தட்டு மட்டும் விலக்கு. அரிசி பருப்பு அதுல வச்சுக்கலாம்."

தெய்வானை இதில் பாதியைத்தான் கேட்டாள். அவள் கண் கொல்லைப்புற வாசலில் இருந்தது. யாரோ குழாயடியிலிருந்த வாளியை எடுத்து நடைபாதை நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு, யாரும் தொடாமலே, நத்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து குழாயடிக்குப் போய் நின்றுகொண்டது.

"ஆத்தாடி!" என்று தெய்வானை கத்தியே விட்டாள். பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து, "பாத்தீங்களா? வாளி! தானாப் போயிடுச்சு!" என்றாள். தட்டு ஒட்டிக்கொண்டதற்கு வாய் பிளக்காதவள் ஒரு பிளாஸ்டிக் வாளி நகர்ந்ததற்கு இப்படிக் குதிப்பானேன் என்று மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது. திரும்பிவரும் பஸ்ஸில் அவள் கால் தரையில் பாவவில்லை.

அவளுடைய கணவர் சபாபதி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, இப்போது வெளிச்சம்கூடத் தெரியாது. மணலை வீடாக்கத் தெரிந்த அந்தக் காலத்துக்கு அந்த நரம்பைத் துளிர்க்கவைக்க மட்டும் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குள் அவரைப் பார்க்கிற புது ஆள் யாரும் அவருக்குக் கண் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். கைத்தடி கிடையாது. கை நீட்டித் துழாவுவது கிடையாது. நடு அறையில் தன் வேலைப் பலகையிலிருந்து எழுந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து, அடுப்படியில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, வழியில் ரேடியோவின் ஒலியைக் கூட்டிவிட்டுத் திரும்புவார். தெருவில் இறங்கினால்தான் அவர் குருடர். வீட்டில் அவர் ராஜா.

அந்த ராஜாவுக்கு எதிரி ஒருத்தி இருந்தாள் என்றால் அது தெய்வானைதான். பாவம், அவளுக்கு எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது. போன ஆடியில் அவள் வழியில் விட்டுப்போன வாளியில் தடுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்துபோனது. காயில் கட்டுகிற கை. மாவுக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "வாளி அங்க இருக்கும்னு எனக்குத் தோணியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தாலாவது அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

மறுநாளே முபாரக்கை வீட்டுக்கு வரச்சொன்னாள். அவன் மூன்று வகைக் காப்புகளையும் விரித்தான். சுவர்க் காப்பு எடுத்தால் வெறும் வீடு எழும்பும், சாமான் கிடையாது. பொருள் காப்பு எடுத்தால் சாமானும் வரும், ஆனால் வந்த பிறகு அதை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், உடைந்தால் உடைந்ததுதான். முழுக் காப்பு ஆலப்பாக்கத்து வீடு மாதிரி. எல்லாம் அதனதன் இடத்தில், எப்போதும்.

"முழுசு," என்றாள் தெய்வானை, அவன் முடிப்பதற்குள்.

முபாரக் தலையைச் சொறிந்தான். "அக்கா, உங்களுக்குப் பொருள் காப்பே தாராளம். நான் சொல்றேன்னு நினைக்காதீங்க. முழுக் காப்புல வீடுதான் முதலாளி. ஒரு ஆணி புதுசா அடிச்சாக் கூடப் பிடுங்கிப் போட்டுடும். கொஞ்சம் யோசிச்சு..."

ஏஜெண்ட் ஒருவன் சின்னதை எடுத்துக்கொள் என்று சொல்வதை இந்தத் தமிழ்நாட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்? தெய்வானைக்குச் சுருக்கென்றது. "ஏன்டா, விசாலாட்சி அக்கா முழுசு எடுக்கறப்ப இப்படிச் சொன்னியா? எங்களால கட்ட முடியாதுன்னு நினைக்கிறியா?"

"ஐயய்யோ, அப்படி இல்லக்கா..."

"அப்ப எழுது."

நடு அறையிலிருந்து சபாபதி குரல் கொடுத்தார். "முபாரக்கு, என்னோட ரூமும் அப்படியே வருமாடா? பலகை, ஆணில மாட்டுன கம்பிச்சுருள் எல்லாம்?"

"ஒரு ஸ்க்ரூ மாறாதுண்ணே."

"அப்ப சரி. அவ ஆசைப்படறத எழுது." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், தனக்குத்தானே சொல்வதுபோல், "மத்தது எப்படி வந்தாலும் சமாளிச்சுக்கலாம்" என்றார்.

தெய்வானைக்கு அன்று முழுக்கப் பாட்டு வாயைவிட்டுப் போகவில்லை. இனிமேல் அவள் வாளியை எங்கே போட்டாலும் வீடு அதை எடுத்துவைக்கும். புயல் வந்தாலும் சரி, கடலே எழுந்து வந்தாலும் சரி, அவருடைய வீடு அவருக்கு அப்படியே இருக்கும். தன் கைக்கே ஒரு காவல் போட்டுவிட்டதுபோல் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

நிலைப்படம் எடுக்கும் நாள் ஆவணியில் ஒரு வளர்பிறை முகூர்த்தம். அதற்கு முந்தைய வாரத்திலேயே தெருவுக்கு ஒரு காய்ச்சல் பிடித்துவிட்டது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் புரிந்துபோனது: படத்தில் என்ன இருக்கிறதோ அது திரும்பி வரும். அப்படியென்றால் படத்தில் நல்லதாக வைத்துவிட்டால்?

விசாலாட்சி அக்காவின் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் அனுப்பிய மயில்கழுத்து நிறச் சோபா ஒன்று அவள் கூடத்தில் கிடந்தது. அந்தத் தெருவில் அப்படியொரு சோபா அதற்கு முன் வந்ததே கிடையாது. கொடுக்கும் மனசுக்காரி அவள். "எடுத்துக்குங்கடி, எனக்கு முதல்ல படம் எடுத்துடுவாங்க. அப்புறம் வரிசையா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். ஏற்பாடு சுலபம். கழகத்து ஆட்கள் முன்வாசல் வழியாக வீடு வீடாக வருவார்கள். சோபா கொல்லைப்புறம் வழியாக அவர்களுக்கு ஒரு வீடு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

தெய்வானை விடியும் முன்பே எழுந்து வீட்டைக் கழுவினாள். வாசலில் பெரிய கோலம், நிலைக்கு மாவிலை. அண்ணி வீட்டிலிருந்து திரைச்சீலை, எதிர்வீட்டிலிருந்து கண்ணாடி டீப்பாய், அதன்மேல் வருகிறவர்களுக்கு ஒரு தட்டு லட்டு. இதெல்லாம் வைக்க இடம் வேண்டுமே? பழைய பிரம்பு நாற்காலிகள், துணிக்கொடி, தண்ணீர் டிரம், தையல் மெஷின், ரேடியோ, அவர் கைபட்டுக் கைபட்டு வழவழப்பான மர ஸ்டூல், எல்லாவற்றையும் நடு அறைக்குள் தள்ளினாள். விருந்தாளி வரும்போது எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான். ஓர் அறையைப் பலிகொடுத்து மற்ற அறைகளுக்கு மானம் வாங்கித் தருவது.

"என் ரூமைப் பூட்டப்போறியா?" என்றார் சபாபதி. தன் பலகையிலிருந்து எழுப்பி அவரைக் கூடத்தில் உட்காரவைத்திருந்தாள். சலவைச் சட்டை வேறு.

"ஒரு மணி நேரந்தாங்க. அவ்வளவு சாமானும் கிரீசும், பாக்கச் சகிக்கல."

"அந்த மெஷின் பாக்கணும்ல?"

"மெஷின் பாக்காம என்ன? சுவரையே ஊடுருவிப் பாக்குமாம். கூட வர்ற அதிகாரி அம்மா பாக்க வேணாம், அவ்வளவுதான்."

சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 'எல்லாத்தையும் பாக்கும்' என்று முபாரக் சொன்னான். கதவுகளைத் திறந்துவையுங்கள் என்றும் சொன்னான். இரண்டாவதை அவள் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எலும்பையே படம் பிடிக்கிற காலத்தில் ஒரு மரக்கதவு எம்மாத்திரம்?

"மயில்கழுத்துச் சோபா வேறயாமே," என்று சிரித்தார் அவர். "அதுல உக்காந்து நான் மஸ்கட் மாப்பிள்ளை ஆயிடுவேனா?"

"ஆனா என்ன? அழகாத்தான் இருப்பீங்க."

சோபா வந்து சேரத் தாமதமாகிவிட்டது. முந்தைய வீட்டுக் கொல்லையில் கொடிக்கயிறில் சிக்கிக்கொண்டதாம். நாலு பேர் மூச்சிரைக்கத் தூக்கிவந்து கூடத்தின் நட்ட நடுவில் இறக்கவும், முன்வாசலில் கழகத்து அதிகாரி அம்மா செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. சுவரோரமாகப் போடவேண்டும் என்று தெய்வானை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அது அவர் அடுப்படிக்கு நடக்கிற வழி. ஆனால் இப்போது அந்த அம்மாவின் கண்முன்னால் சோபாவை இழுத்தால், அது இப்போதுதான் வந்த சோபா என்று தெரிந்துவிடாதா? தெய்வானை சேலையைச் சரிசெய்துகொண்டு, பிறந்ததிலிருந்து அந்தச் சோபாவில் புரண்டு வளர்ந்தவள்போல அதன் முதுகில் கைவைத்து நின்றாள்.

வீடுநோக்கி ஒரு பூசணிக்காய் அளவுதான் இருந்தது. அந்தரத்தில் மிதந்தபடி கூடத்தையும் அடுப்படியையும் படுக்கையறையையும் சுற்றி, நீல வெளிச்சத்தால் தடவியது. நடு அறையின் கதவுக்கு முன் வந்ததும் நின்றது.

"இந்த ரூம்?" என்றார் அதிகாரி அம்மா.

"அது சும்மா ஸ்டோர் ரூம் மேடம். நீங்க லட்டு எடுத்துக்குங்க."

வீடுநோக்கி கதவை மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவிவிட்டு நகர்ந்தது. வெளியே போய் ஜன்னல்களையும் சுவர்களையும் பார்த்தது. வேலை முடிந்தது. சோபா கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்கு ஓடியது.

அன்று இரவு சாப்பிடும்போது தெய்வானைக்குச் சோபாவின் நினைப்பு லேசாக உறுத்தியது. படத்தை மறுபடி எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். தீபாவளி கழியட்டும், முபாரக்கிடம் பேசலாம் என்று விட்டுவிட்டாள். புயல் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது.

அதற்கு முன் எத்தனையோ புயல் பார்த்த தெரு அது. வானொலியில் புயல் எச்சரிக்கை எண் ஏறஏறப் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற ஜனம்தான். அந்த வருஷம் அப்படி இல்லை. புயல் கடலூரை நோக்கித் திரும்பிவிட்டது என்றதும் தெருவில் ஒரு சலசலப்பு எழுந்தது. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. முகாமாகப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே பாயை விரித்துப் போட்டுக்கொண்டு எல்லாரும் முபாரக்கைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"முக்காவாசிக்கு மேல போனாத்தான் மீள்வீடு," என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "சும்மா ரெண்டு ஜன்னல் போச்சுன்னா ஒண்ணும் கிடையாது."

"காத்து பத்தாது போலிருக்கே," என்று விசாலாட்சி அக்கா கவலையோடு வானத்தைப் பார்த்தாள். கரை கடக்கிற இடம் பரங்கிப்பேட்டைப் பக்கம் விலகுகிறது என்று ரேடியோ சொன்னபோது பள்ளிக்கூடமே உச் கொட்டியது. மறுபடி இங்கேதான் என்றபோது யாரோ விசிலடித்தார்கள். தங்கள் வீடு இடிந்துவிழ வேண்டும் என்று ஒரு தெரு மொத்தமும் சாமி கும்பிட்டதை அன்றைக்குத்தான் அந்த ஊர்ச் சாமிகள் கேட்டிருக்கும்.

சபாபதி மட்டும் ஒரு மூலையில் ஸ்பானர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பழக்கமில்லாத இடம். பெஞ்சில் இடித்துக்கொண்டு முழங்காலில் ரத்தம். தண்ணீர் குடிக்க, ஒன்றுக்குப் போக, எல்லாவற்றுக்கும் தெய்வானையின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் எங்கேயாவது போய்விட்டால், அவள் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நாளுதாங்க," என்று அவள் அவர் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டாள். "வீட்டுக்குப் போயிட்டா நீங்க பழையபடி ராஜா."

"ரூம் அப்படியே இருக்கும்ல?"

"ஒரு ஸ்க்ரூ மாறாதுன்னு அவன் சொன்னானே."

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்.

புயல் தெருவை ஏமாற்றவில்லை. காற்று கூரையை எடுத்தது, கடல் மிச்சத்தை எடுத்தது. தண்ணீர் வடிந்ததும் லாரிகள் வந்தன. சாம்பல் நிற மணலை மனை மனையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். தெருவே திரண்டு எதிர்ச்சாரியில் நின்றது. முபாரக் கையிலிருந்த சின்னப் பலகையில் எதையோ தொட்டதும் மணல் சிலிர்த்தது. பால் பொங்குவதுபோல் பொங்கி எழுந்தது. அஸ்திவாரம், சுவர், ஜன்னல் கம்பி, நிலையில் மாவிலை, வாசலில் கோலம்! ஆவணியில் போட்ட கோலம், ஒரு புள்ளி கலையாமல்! ஜனம் ஓவென்று கூச்சலிட்டது. தெய்வானை அழுதுகொண்டே சிரித்தாள். "வந்துடுச்சுங்க, நம்ம வீடு வந்துடுச்சு" என்று சபாபதியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவரும் சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

முதல் சத்தம் விசாலாட்சி அக்கா வீட்டிலிருந்து எழவில்லை, அவளுக்கு எதிர்வீட்டிலிருந்து எழுந்தது. "சோபா! சோபா வந்திருக்கு!" அடுத்த வீட்டிலும் அதே கூச்சல். அதற்கடுத்த வீட்டிலும். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மயில்கழுத்து நிறச் சோபா. விசாலாட்சி அக்கா வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். தெருவின் கடைசியில் நின்று, "அடிப் பாவிகளா, இனி என்னோடதுக்கு என்னடி மவுசு?" என்றாள். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"விடு, நானே போறேன்," என்று சபாபதி தெய்வானையின் கையை விலக்கினார். வாசற்படியில் கால் வைத்ததும் அவர் உடம்பு நிமிர்ந்தது. இத்தனை நாள் குனிந்து குனிந்து நடந்த மனிதர் பழைய வேகத்தில், பழைய கோட்டில், அடுப்படியை நோக்கி நடந்தார். சோபாவின் கை அவர் தொடையில் இடித்தது. தலைகுப்புற விழுந்தார்.

"ஐயோ!" தெய்வானை ஓடித் தூக்கினாள். "சோபாங்க, சோபா. இருங்க, இப்ப நகத்திடறேன்." மூச்சைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளினாள். அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய்த் திரும்பியபோது சோபா நட்ட நடுவில் இருந்தது. மறுபடி தள்ளினாள். அது மறுபடி, அவசரமே இல்லாமல், நத்தை மாதிரி வந்துகொண்டிருந்தது. தெய்வானை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத விடு," என்றார் அவர். "என்னை ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. பலகையில உக்காந்தாச் சரியாயிடும்."

நடு அறையின் கதவு பார்க்க அதே கதவுதான். மேல் மூலையில் சுண்ணாம்புக் கறைகூட இருந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. இழுத்தாள், தள்ளினாள், தோளால் மோதினாள். அடுத்த வீட்டு ஆட்கள் கடப்பாரை கொண்டுவந்து பிளந்தார்கள். உள்ளே அறை இல்லை. கதவுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் கெட்டியாக, அரிசி மூட்டையை அடைத்துவைத்ததுபோல் மணல். பலகை இல்லை, கம்பிச்சுருள் இல்லை, மர ஸ்டூல் இல்லை, ரேடியோ இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு தன்னைத்தானே தைத்து மூடிக்கொண்டது.

தெய்வானை முபாரக்கைத் தெருவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கும் முகம் வெளிறிவிட்டது.

"வீடுநோக்கி கதவைத்தான்க்கா பாத்துச்சு. பின்னால என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நிலைப்படத்துல என்ன இருக்கோ அதான் வீடு."

"அப்ப வேற படம் எடுடா. நான் எல்லாத்தையும் திறந்து வைக்கிறேன்."

"வீடு போனாத்தான்க்கா புதுப் படத்தைக் காட்ட முடியும்."

"போகட்டும்! அடுத்த புயல்ல போகட்டும்!"

முபாரக் தரையைப் பார்த்தான். அதுவரை மேடை மேடையாக அவன் பெருமையோடு சொல்லிவந்த விஷயம் அது. இப்போது சொல்ல வாய் வரவில்லை. "மீள்மணலுக்குச் சேதமே கிடையாதுக்கா. எந்தப் புயலும் இந்த வீட்டை ஒண்ணும் செய்யாது. இடிச்சாலும் எந்திரிச்சு நிக்கும். முழுக் காப்புன்னா... முழுக் காப்புதான்."

அவன் போன பிறகும் தெய்வானை கதவருகிலேயே நின்றாள். தெருவில் சிரிப்புச் சத்தம் குறைந்திருந்தது. எங்கோ ஒரு வீட்டில் துணிமணி இருந்த பீரோ திறக்கவில்லை என்று யாரோ கத்துவது கேட்டது. இன்னொரு வீட்டில் குழந்தையின் தொட்டில் காணோமாம். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறை படம் எடுத்த அன்று பூட்டித்தான் இருந்திருக்கிறது.

பேச்சு முழுவதும் சபாபதியின் காதில் விழுந்திருக்கும். மெல்லக் கைநீட்டித் துழாவி, தன் வீட்டுக் கூடத்தில் முதல் முறையாகக் கைநீட்டித் துழாவி, சோபாவைக் கண்டுபிடித்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். சாயவில்லை. ஸ்பானர் பெட்டியைக் காலடியில் வைத்தார். அதைத் தரை மெல்ல வாசல்பக்கம் தள்ளிக்கொண்டு போவதைத் தெய்வானை பார்த்தாள். ஓடிப்போய் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டீப்பாய்மேல் தட்டில் லட்டு இருப்பது வாசனையில்லாமலே அவர் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஒன்றை எடுத்துக் கடித்தார். கரகரவென்று மணல். வெளியே துப்பாமல், கைக்குட்டையை எடுத்து, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க," என்றாள் தெய்வானை. "ஏதாவது சொல்லுங்களேன். திட்டவாவது செய்யுங்க."

"எதுக்குத் திட்டணும்? வீடு நல்லாத்தான் இருக்கு. சோபாகூட மெத்துனு இருக்கு." அவர் முகத்தைக் கூடத்தின் பக்கம் திருப்பி, அங்கே வீட்டுக்காரர்கள் யாரோ இருப்பதுபோல் மரியாதையாக ஒரு புன்னகை செய்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேரமாவுது தேவானை. கிளம்புவோமா? வந்து ரொம்ப நேரமாச்சு. அவங்களும் சாப்பிடணும்ல."